பழுப்பு ஸ்வெட்டர்

ஓட்டுநர் பயிற்சிக்குப் புதிதாகச் சேர்ந்த அந்தப் பெண்ணுக்கு ஏற்கனவே கார் ஓட்டத் தெரியும் என்பதை முதல் தெரு முடிவதற்குள்ளேயே பிரேக்கக்கா கண்டுபிடித்துவிட்டாள்.

அந்தப் பெண் நன்றாகத்தான் நடித்தாள். கிளம்பும்போது இரண்டு தடவை வண்டியை உதறவிட்டு அணைத்தாள். "ஐயோ, எனக்கெல்லாம் இது வரவே வராதுபோல" என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் ஒரு நாய் திடீரென்று குறுக்கே பாய்ந்ததும் நடிப்பு மறந்துபோயிற்று. கால் கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்தது, கண் மேலே இருந்த கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியைப் பார்த்தது, கை தானாகப் போய் கியரை எடுத்துவிட்டது. முதல் நாள் வருகிறவர்கள் நாய் வந்தால் இரண்டு கையையும் தூக்கி "அம்மா" என்பார்கள். ஆசிரியர் பக்கத்தில் இருக்கிற இரண்டாவது பிரேக்தான் நாயையும் அவர்களையும் காப்பாற்றும். அந்தப் பிரேக்கை ஓயாமல் மிதிப்பதால்தான் பிரேக்கக்காவுக்கு அந்தப் பெயரே வந்தது. ஊரில் பாதிப் பெண்கள் அவளிடம் கற்றுக்கொண்டவர்கள்.

"ஏம்மா, நல்லா ஓட்டுறியே. எதுக்கு எங்கிட்ட வந்து பணத்தக் கரியாக்குறே? மாமியார்கிட்டயிருந்து தப்பிக்கவா?" என்று சிரித்தாள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. நான் ஜெயில் ஆஸ்பத்திரியில நர்ஸ். உங்க வீட்டுக்கு வரப் பயமா இருந்துச்சு. தனியாப் பேச வேற வழி தெரியல. கண்ணாடிக்காரன் உங்களப் பாக்கணும்கிறான்."

பிரேக்கக்காவின் கால் அவளைக் கேட்காமலேயே அழுந்தியது. நடுத்தெருவில் கார் நின்றது. பின்னால் வந்தவன் ஹாரனை அடித்துத் திட்டிக்கொண்டே சுற்றிப் போனான்.

"நுரையீரல்ல வியாதி. ரொம்ப நாள் தாங்காது. உங்க பொண்ணப் பத்தி ஏதோ சொல்லணுமாம். வேற யார்கிட்டயும் சொல்ல மாட்டானாம்" என்றாள் நர்ஸ்.

பதினான்கு வருடங்களுக்கு முன்பு வரை பிரேக்கக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவள் ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு அம்மாவாக இருந்தாள். பெரியவன் பையன். சின்னவள் உருண்டையாக, குட்டியாக, ஓரிடத்தில் நிற்காமல் உருண்டுகொண்டே இருப்பாள். அதனால் அவளைப் பட்டாணி என்று கூப்பிட்டார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டு, பள்ளிக்கூடத்தில் டீச்சர் முழுப்பெயரைச் சொன்னால் அவளே திரும்பிப் பார்க்காத அளவுக்கு அது ஒட்டிக்கொண்டது.

ஏழு வயதில் ஒரு குளிர்கால மாலையில் பட்டாணி சார்ட் பேப்பர் வாங்கத் தெருமுனைக் கடைக்குப் போனாள். போனாள், பச்சைக் கலரில் ஒன்று வாங்கினாள், சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு கடைப் படியை விட்டு இறங்கினாள். அதுவரை கடைக்காரர் பார்த்திருக்கிறார். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்தவை சில வீடுகள், ஒரு தையல் கடை, ஒரு பஸ் நிறுத்தம். அந்தக் கொஞ்ச தூரத்தில் பிள்ளை இல்லாமல் போனாள்.

"என்ன போட்டிருந்தா?" என்று போலீஸ் கேட்டபோது, "மஞ்சள் ஸ்வெட்டர்" என்றாள் அவள். அதுதான் பட்டாணி வழக்கமாகப் போடுவது. மஞ்சள் ஸ்வெட்டர் என்று எல்லாப் பேப்பரிலும் வந்தது. சுவரெல்லாம் ஒட்டினார்கள்.

சில நாள் கழித்து, பெருக்குவதற்காகக் கட்டிலை நகர்த்தியபோது, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே மஞ்சள் ஸ்வெட்டர் கசங்கிக் கிடந்தது. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த பழுப்பு ஸ்வெட்டரைக் காணோம். அது அண்ணன்காரனுடையது. அவளுக்குத் தொளதொளவென்று இருக்கும், கையை மடித்துவிட்டால்தான் விரல் வெளியே தெரியும். பிரேக்கக்கா செருப்புக்கூடப் போடாமல் ஸ்டேஷனுக்கு ஓடினாள். பெற்றவளுக்கே பிள்ளை என்ன போட்டிருந்தது என்று தெரியவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அப்போது இன்ஸ்பெக்டர் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துச் சொன்னார்: "அழாதே தங்கச்சி. ஒரு விதத்துல இது நல்லதுதான். பழுப்புங்கிறது நம்ம மூணு பேருக்குள்ளயே இருக்கட்டும். நீ, நான், உன் வீட்டுக்காரர். நாளைக்கு எவனாவது வந்து நான்தான் பண்ணேன்னு பொய் சொன்னா, மஞ்சள்னு சொல்லி மாட்டிக்குவான். உண்மையா பாத்தவன்தான் பழுப்புன்னு சொல்லுவான்."

அன்றிலிருந்து அவர் அவளுக்கு அண்ணன் ஆனார். கூடப்பிறந்தவன்கூட அப்படி ஓடியாடியிருக்க மாட்டான். லீவு நாளிலும் வந்தார். பெரியவனுக்குக் காய்ச்சல் வந்தபோது ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். யாரோ எங்கோ ஒரு பிள்ளையைப் பார்த்தேன் என்றால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போவார்.

அவளும் தேடினாள். நாளெல்லாம் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றாள். உடம்பு கரைந்து எலும்பும் தோலுமானாள். பெரியவனின் பரீட்சை எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியாது. பஸ் போகாத ஊருக்கும் போய்ப் பார்க்க வேண்டும் என்றுதான் கார் ஓட்டக் கற்றாள். அவள் புருஷன் மருந்துக்கடை வைத்திருந்தார். அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். அவளுக்குத் தலைவாரிவிட்டு, சோறு பிசைந்து ஊட்டி, படுக்கும்போது மாத்திரை எடுத்துக் கொடுத்து, இரண்டு வருடம் அவளையும் பையனையும் ஒற்றை ஆளாகத் தாங்கினார்.

அதன் பிறகுதான் கண்ணாடிக்காரன் பிடிபட்டான். வீடு வீடாகப் போய் ஜன்னலுக்குக் கண்ணாடி மாட்டுகிறவன். பல ஊர்களில் நான்கு பிள்ளைகளைக் கொன்றிருந்தான். புதைத்த இடங்களை அவனே காட்டினான். நாடே நடுங்கியது. ஒருநாள் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நம்ம பட்டாணியையும் அவன்தாம்மா. ஆத்துல போட்டுட்டேன்னு சொல்றான்."

அவள் கேட்டது ஒன்றுதான். "என்ன ஸ்வெட்டர்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். பழுப்புன்னான். கை மடிச்சிருந்துச்சுன்னுகூடச் சொன்னான்."

அத்தோடு அவள் தேடுவதை நிறுத்தினாள். ஆற்றில் எத்தனை நாள் தேடியும் உடம்பு கிடைக்கவில்லை. ஆனால் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. கை மடித்திருந்தது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அழுதாள், படுத்துக் கிடந்தாள், ஒருநாள் எழுந்து குளித்தாள், பெரியவனின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தாள். அடுத்த வருடம் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். பெரியவன் படித்து வேறு ஊருக்கு வேலைக்குப் போனான். வாழ்க்கை என்று ஒன்று, தழும்போடு, ஓடத்தான் செய்தது.

இப்போது இந்த நர்ஸ்.

சாயங்காலம் புருஷனிடம் சொன்னபோது அவர் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது.

"போகாதே" என்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏங்க?"

"வேண்டாம்னா வேண்டாம். மறுபடியும் ஆரம்பிச்சுடாதே. உன்னக் கும்புட்டுக் கேக்குறேன்."

அவருக்கும் வலி இருக்காதா என்று நினைத்து அவள் மேற்கொண்டு பேசவில்லை. அவர் பால்கனிக்குப் போய் யாருக்கோ போன் பண்ணினார். கொஞ்ச நேரத்தில் இன்ஸ்பெக்டர் அண்ணன் ஆப்பிள் பையோடு வந்து நின்றார். ஓய்வு பெற்றுவிட்டவர். மீசை வெள்ளையாகியிருந்தது.

"அவன் பேய், தங்கச்சி" என்றார் உட்கார்ந்ததும். "சாகப்போற நேரத்துல கடைசியா ஒரு ஆட்டம் ஆடிப் பாக்குறான். பெத்தவ முகத்தைப் பாத்து ரசிக்கணும் அவனுக்கு. நீ ஏன் போய்த் தீனி போடணும்?"

"சரிண்ணா. போகல."

அவள் மனதாரத்தான் சொன்னாள். அவர் ஆப்பிளை எடுத்து மேசையில் அடுக்கிக்கொண்டே மேலும் ஒன்று சொன்னார்: "அந்த நர்ஸ் யாருன்னு சொல்லு. நாளைக்கே வேற எங்கயாவது மாத்தச் சொல்லிடுறேன்."

அதுதான் அவள் மனதில் முள்ளாகத் தைத்தது. சாகப்போகிற ஒருவன் உளறுவதற்காக ஒரு நர்ஸை ஏன் மாற்ற வேண்டும்? அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்காமல் ஆப்பிளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரு கேட்டுக்கலண்ணா" என்றாள். அந்த வீட்டில் அவள் அவரிடம் சொன்ன முதல் பொய் அது.

மறுநாள் காலை வகுப்புகளைத் தள்ளிவைத்துவிட்டு நர்ஸோடு போனாள்.

ஜெயில் ஆஸ்பத்திரியில் தரை கழுவிய மருந்து வாடை அடித்தது. வரிசையாகக் கட்டில்கள். கடைசிக் கட்டிலில் ஒருவன் மூக்கில் குழாயோடு தலையணையில் சாய்ந்திருந்தான். ஒரு கையில் விலங்கு கட்டிலோடு பூட்டியிருந்தது. பேப்பரில் பார்த்த முகம் உப்பி, தொங்கி, யாரோ போல இருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் தள்ளி உட்காரத் தோன்றாத முகம். அது அவளுக்குத் தாங்கமுடியாததாக இருந்தது.  நர்ஸ் ஒரு ஸ்டூலைத் தள்ளிப் போட்டாள்.

"வந்துட்டீங்க" என்றான். மூச்சு விட்டு விட்டுப் பேசினான். "நாலு பிள்ளைங்க. அது நான்தான். இல்லேன்னு சொல்லல. உங்க பொண்ண நான் பாத்ததே இல்ல."

 அண்ணன் சொன்னது காதில் ஒலித்தது. ஆட்டம் ஆடுகிறான்.

"நம்ப மாட்டீங்க. நானா இருந்தாலும் நம்ப மாட்டேன்."

"அப்புறம் எதுக்குடா அன்னைக்கு ஒத்துக்கிட்டே?"

"தூக்கு இல்லாமப் பண்றேன்னாங்க. அஞ்சாவதையும் சேத்துக்கோன்னாங்க. நாலுக்கும் அஞ்சுக்கும் எனக்கு என்ன வந்துச்சு? சரின்னேன். சொன்ன வார்த்தையக் காப்பாத்துனார் அந்த இன்ஸ்பெக்டர்."

"இப்ப எதுக்குச் சொல்றே? புண்ணியம் தேடிக்கவா?"

அவன் சிரிக்கப் பார்த்து இருமினான். நர்ஸ் குழாயைச் சரிசெய்தாள். "புண்ணியமா? எனக்கா? செஞ்சதுக்கே எடம் பத்தல. செய்யாததையும் தூக்கிட்டுப் போக முடியல. அவ்வளவுதான்."

அவள் முன்னால் குனிந்தாள். 

"என் பொண்ணு என்ன போட்டிருந்தா? நீ போலீஸ்ல என்ன சொன்னே?"

"மஞ்சள் ஸ்வெட்டர்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. பழுப்புன்னு சொல்லல? கை மடிச்சிருந்துச்சுன்னு?"

கண்ணாடிக்காரனின் கண்ணில் குழப்பம் தெரிந்தது. அவ்வளவு சாதாரணமான குழப்பம். கணக்குத் தப்பாகிவிட்டதோ என்று விழிக்கிற கடைக்காரனுடையது போல.

"பழுப்பா? யாரு சொன்னா? மஞ்சள்னுதான் சுவர்ல ஒட்டியிருந்துச்சு. அதத்தான் சொன்னேன். அவரும் சரின்னு தலையாட்டிட்டுப் போனார்."

அவள் வெளியே வந்து காரில் உட்கார்ந்தாள். சாவியை நர்ஸிடம் நீட்டினாள். நர்ஸ்தான் ஓட்டினாள். நன்றாகவே ஓட்டினாள். எங்கே போகணும்க்கா என்று கேட்டதற்கு, பிரேக்கக்கா இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வழி சொன்னாள்.

அவர் வாசலில் உட்கார்ந்து பேரனின் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே பம்ப்பைக் கீழே வைத்துவிட்டார். உள்ளே இருந்து அவர் மனைவி, "வாம்மா, டீ போடவா?" என்று குரல் கொடுத்தாள். "வேண்டாம் அண்ணி" என்றாள் இவள்.

"மஞ்சள்னுதான் சொல்லியிருக்கான்."

"தங்கச்சி, உக்காரு முதல்ல..."

"மஞ்சள்னு சொன்னானா இல்லையா?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"சொன்னான்" என்றார் கடைசியில். "மேல இருந்து அழுத்தம். ஊர் ஊரா பிள்ளைங்க காணாமப் போயிருக்கு, ஜனங்க கொதிச்சுப் போயிருக்காங்க, முடிச்சு விடுன்னாங்க. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் நீ. நீ இருந்த இருப்பு உனக்கு ஞாபகம் இருக்கா? இன்னும் ஆறு மாசம் போயிருந்தா உன்ன எரிச்சுட்டு வந்திருப்போம்."

"அந்த வழக்குக்கு அப்புறம்தானே உங்களுக்குப் பதவி உயர்வு வந்துச்சு?"

அவர் பம்ப்பை எடுத்து ஓரமாக வைத்தார்.

"மஞ்சள்னு சொல்றவன் பொய்யன், பிடிச்சுடலாம்னு நீங்கதானேண்ணா சொன்னீங்க? பிடிச்சீங்க. சரியாத்தான் பிடிச்சீங்க. பிடிச்சுட்டு அவன்கூடவே சேந்துக்கிட்டீங்க. கை மடிச்சிருந்துச்சுன்னு நான் உங்ககிட்ட அழுதுக்கிட்டே சொன்னத எடுத்து, அவன் சொன்னதா எங்கிட்டயே திருப்பிக் குடுத்தீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, தனியாக மாட்டிக்கொண்டவன் துணை தேடுகிற குரலில் சொன்னார்: "நானா செய்யல. உன் வீட்டுக்காரரைக் கேளு. என் கால்ல விழாத குறையா வந்து கேட்டார். எப்படியாவது அவள நிறுத்துங்க சார்னு அழுதார். எல்லாப் பழியையும் என் தலையிலயே கட்டாதே, தங்கச்சி."

"அந்த வார்த்தைய இனிமே சொல்லாதீங்க" என்றாள் அவள்.

மருந்துக்கடையில் கூட்டமாக இருந்தது. இருமல் பிள்ளையோடு ஒரு தாய், காலை நொண்டிக்கொண்டு ஒரு பெரியவர். அவள் புருஷன் மாத்திரைப் பட்டையைக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தார். பார்த்ததுமே தெரிந்துகொண்டார். ஆனாலும் அந்தப் பெரியவருக்கு, காலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு ஒன்று என்று நிதானமாகச் சொல்லி, உறையில் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் பின்னறைக்கு வந்தார். அங்கே அட்டைப்பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. இரண்டு பேர் நிற்கத்தான் இடம்.

"நீங்களா கேட்டீங்க?"

"நான்தான்."

மழுப்புவார் என்று நினைத்து வந்தவளுக்கு அந்த ஒற்றைச் சொல் பளாரென்று அறைந்தாற்போல் இருந்தது.

"பொண்ணு போயிட்டா. பொண்டாட்டியும் கண்ணு முன்னாலயே போய்க்கிட்டிருந்தா. பையன் பள்ளிக்கூடத்துல யார்கூடயும் பேசாம உக்காந்திருந்தான். நான் என்ன செய்யட்டும்? உனக்கு ஒரு முடிவு வேணும்னு நெனச்சேன். அது உண்மையா இருக்கணும்னு தோணல. நீ தூங்குனாப் போதும்னு இருந்துச்சு."

"அப்ப தினமும் ரெண்டு மாத்திரை குடுத்தீங்க, மூணாவதா இது. அப்படித்தானே? டாக்டரக்கூடக் கேக்கல."

"அவன்தான் செஞ்சிருப்பான்னு நானும் நம்புனேன். வேற யாரு செஞ்சிருப்பா? நம்பணும்னு நெனச்சு நெனச்சு நம்பிட்டேன்."

வெளியே யாரோ மேசையைத் தட்டி, "சார்!" என்றார்கள். இரண்டு பேரும் அசையவில்லை. அவள் போவதற்குத் திரும்பினாள். கடைசியாக, கேட்க வேண்டும் என்று நினைக்காமலேயே ஒன்று கேட்டாள்.

"அதுக்கப்புறம் யாராவது பட்டாணியப் பத்தி விசாரிச்சு வந்தாங்களா?"

அவர் முகம் மாறியது. இத்தனை நேரம் தைரியமாக நின்ற மனிதர் அட்டைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க... யாரு வந்தா?"

"ஒரு அம்மா வந்தாங்க. வழக்கு முடிஞ்ச வருஷமே. பஸ் ஸ்டாண்ட்ல டிக்கெட் குடுக்குற அம்மா, நடுவுல வேற ஊருக்கு மாத்தலாகிப் போயிருந்தவங்க. நம்ம கடைச் சுவர்ல பழைய நோட்டீஸ் ஒண்ணு கிழியாம இருந்திருக்கு. மருந்து வாங்க வந்தவங்க அதப் பாத்துட்டுக் கேட்டாங்க."

"என்ன கேட்டாங்க?"

"ஒரு ஆணும் பொண்ணும் ஒரு பிள்ளையத் தூக்கிட்டுத் துறைமுக ஊர் பஸ்ல ஏறுனாங்களாம், அந்த வாரத்துல. பிள்ளை முகம் இதே முகம்னாங்க. நோட்டீஸ்ல மஞ்சள்னு போட்டிருக்கு, ஆனா அந்தப் பிள்ளை..." 

"சொல்லுங்க."

"பழுப்பு ஸ்வெட்டர் போட்டிருந்துச்சுன்னாங்க. பெரிய ஸ்வெட்டர். கையெல்லாம் மடிச்சு விட்டிருந்துச்சுன்னாங்க."

அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். உலகத்தில் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த ஒன்றை நான்காவதாக ஒருத்தி நடந்துவந்து, இந்தக் கடை வாசலில் நின்று சொல்லியிருக்கிறாள்.

"அவங்கள என்ன செஞ்சீங்க?"

"கேஸ் முடிஞ்சு போச்சும்மா, கொன்னவன் ஜெயில்ல இருக்கான்னு சொல்லி அனுப்பிட்டேன்." அவரும் எதிரே தரையில் உட்கார்ந்தார். அழுதார். "பயந்துட்டேன். நீ அப்பத்தான் சிரிக்க ஆரம்பிச்சிருந்தே. அந்த வாரம்தான் நீ பையன்கிட்ட ஏதோ சொல்லிச் சிரிச்சே. அது பொய்யா இருந்து, மறுபடியும் நீ அப்படியே ஆயிட்டா? ராத்திரியெல்லாம் நெனச்சுப் பாத்தேன். போய்ச் சொல்லணும்னு நெனச்சேன். நாளாக நாளாகச் சொல்லவே முடியாமப் போச்சு."

அவர் பொய் அழுகை அழவில்லை. அது அவளுக்குத் தெரிந்தது. பன்னிரண்டு வருடமாக அவள் சிரிக்கும்போதெல்லாம் இந்த மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவள் சிரிப்பின் விலை என்ன என்று அவருக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

"அடிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். எனக்கு நல்லது பண்ணியிருக்கீங்களே, அதத்தாங்க தாங்க முடியல" என்றாள் எழுந்துகொண்டே.

அன்றே வீட்டுக்குப் போய் ஒரு பெட்டியில் துணிகளை எடுத்துக்கொண்டாள். பயிற்சிப் பள்ளிக்கு மேலே ஒரு அறை காலியாகக் கிடந்தது. பழைய டயரும் போக்குவரத்துப் பலகைகளும் போட்டு வைத்த இடம். முதலாளியம்மா எதுவும் கேட்காமல் சாவியைக் கொடுத்தாள். பெரியவன் போன் பண்ணினான்.

"அம்மா, அப்பா உனக்காகத்தாம்மா அப்படிப் பண்ணார். கொஞ்சம் யோசிச்சுப் பாரு."

"உன் தங்கச்சிய யாரோ தூக்கிட்டுப் போறதப் பாத்தேன்னு ஒருத்தி வந்து சொல்லியிருக்கா. நீயும் அதக் கேட்டுட்டுச் சும்மா இருந்திருப்பியா? அத மட்டும் சொல்லு."

 அவள் வைத்துவிட்டாள்.

டிக்கெட் அம்மாவைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேரைக் கேட்டதும் வழி சொல்லிவிட்டார்கள். ஓய்வு பெற்று மகளோடு இருந்தாள். காது கொஞ்சம் மந்தம். ஆனால் நினைவு மந்தமாகவில்லை.

"ஞாபகம் இல்லாம? அந்தக் குழந்தை அழல. அழுதிருந்தா நான் கவனிச்சிருக்கவே மாட்டேன். எல்லாக் குழந்தையும் அழுவும். இது அந்த ஆளோட தோள்மேல இருந்துக்கிட்டு என்னையே பாத்துச்சு. டிக்கெட்டக் கிழிச்சுக் குடுத்துட்டேன். குடுத்துருக்கக் கூடாது. உன் வீட்டுக்காரர்கிட்ட வந்து சொன்னேனே. கொன்னவன் கெடச்சுட்டான்னார். சரி, நான் பாத்தது வேற பிள்ளைன்னு மனசத் தேத்திக்கிட்டேன். எனக்கும் அது வசதியாத்தான் இருந்துச்சு" என்றாள்.

அந்த வயதான பெண் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். ஏமாற்றப்பட்டவள் தான் ஒருத்தி மட்டுமில்லை என்று பிரேக்கக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது.

ஸ்டேஷனில் இப்போது புதிதாக ஒரு பெண் அதிகாரி இருந்தாள். முதலில் சந்தேகமாகத்தான் கேட்டாள். கண்ணாடிக்காரன் சாவதற்கு முன்பு அவனிடம் போய் வாக்குமூலம் வாங்கினாள். டிக்கெட் அம்மாவையும் கேட்டாள். வழக்கைத் திரும்பத் திறந்தார்கள். பேப்பர்காரர்கள் பயிற்சிப் பள்ளி வாசலில் வந்து நின்றார்கள். பழைய இன்ஸ்பெக்டரிடம் விளக்கம் கேட்டார்கள், ஓய்வு பெற்றவர் என்பதால் அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. அவர் மனைவி மட்டும் ஒருநாள் வந்து, மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனாள்.

துறைமுக ஊரிலிருந்து கப்பல்கள் எங்கெங்கோ போகின்றன. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு கேட்டிருந்தால் பார்த்தவர்கள் இருந்திருப்பார்கள் என்றாள் அந்தப் பெண் அதிகாரி. சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். இருபத்தொரு வயதில் பட்டாணி எப்படி இருப்பாள் என்று கம்ப்யூட்டரில் ஒரு படம் வரைந்து கொடுத்தார்கள். பிரேக்கக்கா அதை வெகுநேரம் பார்த்தாள். அழகாக, யாரோ வீட்டுப் பெண்ணைப் போல இருந்தது.

ஒவ்வொரு லீவு நாளும் அவள் துறைமுக ஊருக்குப் போய்வந்தாள். மூன்றாவது தடவை கிளம்பும்போது பெரியவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தான். "நானும் வரேன்" என்றான்.  அவள் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

அவர்கள் கிளம்புகிற நேரத்துக்குப் புருஷனும் வந்தார். தினமும் அவர் எதிர்ப்புறம் வந்து நின்றுவிட்டுப் போவது அவளுக்குத் தெரியும். அன்றைக்குத் தெருவைக் கடந்து வந்து கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். சட்டைப்பொத்தான் ஒன்று இல்லை. முகச்சவரம் செய்து நாளாகியிருந்தது.

"நானும் வரட்டுமா? பின்னாடி உக்காந்துக்கிறேன். பேச மாட்டேன்."

பெரியவன் அம்மாவைப் பார்த்தான். அவள் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள். மனம் இளகாமல் இல்லை. இவர் ஊட்டிய சோறு இன்னும் உடம்பில் இருக்கிறது. ஆனால் இவர் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தால், ஒவ்வொரு ஊரிலும் இறங்கி ஒவ்வொருவரிடமும் கேட்கும்போது, கிடைக்கிற பதிலை முழுசாகத் தன்னிடம் சொல்கிறாரா என்று அவள் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும்.

"வேண்டாங்க" என்றாள். "நீங்க கடைக்குப் போங்க. கடைச் சுவர்ல புது நோட்டீஸ் ஒட்டியிருக்கேன். யாராவது பாத்துட்டு வருவாங்க. வந்தா உக்காரச் சொல்லுங்க. என்ன சொல்றாங்களோ, அத அப்படியே கேட்டு எங்கிட்ட சொல்லுங்க. நீங்களா எதையும் முடிவு பண்ணாதீங்க."

அவர் தலையாட்டினார். கையை எடுக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவர் கை விலகும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு வண்டியை எடுத்தாள்.